வண்டியை 'பிகின்' செய்தால் என்ன தப்பு?

ஜூன் 2, 2024 – கேள்வி

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் ஆங்கிலத் தேர்வில் அப்பா காரை எடுத்தார் என்பதற்கு 'மை ஃபாதர் பிகேன் த கார்' என்று எழுதினாள். ஆசிரியர் சிவப்பு மையில் அடித்து அரை மதிப்பெண் குறைத்துவிட்டார். வீட்டிலிருக்கும் அகராதியில் பிகின், ஸ்டார்ட், கமென்ஸ் மூன்றுக்கும் 'தொடங்கு' என்றுதான் போட்டிருக்கிறது. ஒரே பொருளுக்கு மூன்று சொல் என்றால் எதை எழுதினாலும் சரி என்றுதானே ஆக வேண்டும்? என் கட்சி இதுதான்: பொருளில் வேறுபாடு ஒன்றுமில்லை, எல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

ஜூன் 2, இரவு – பதில்

மறுக்கிறேன். அடித்தது சரி. ஏன் என்று சொல்லாமல் அடித்ததுதான் சரியில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும் எதிர்ச்சொல்லைக் கேட்டுப் பாருங்கள். ஸ்டார்ட்டுக்கு எதிர் ஸ்டாப். பிகினுக்கு எதிர் எண்ட். நிற்பது வேறு, முடிவது வேறு. கார் நிற்கும், கார் முடியாது. கதை முடியும், கதை நின்றுவிட்டது என்றால் எழுதியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பொருள். முடிவு என்று ஒன்று உள்ளதைத்தான் பிகின் செய்யலாம்: கதை, வகுப்பு, பயணம், வாழ்க்கை. சும்மா கிடப்பதை அசைத்துவிடுவது ஸ்டார்ட்: எஞ்சின், கடிகாரம், வதந்தி, சண்டை.

ஸ்டார்ட் என்பதற்குக் கண் முதுகில் இருக்கிறது. தனக்கு முன்பிருந்த அசையாமையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். பிகின் என்பது வரப்போகிற முடிவைப் பார்த்தபடி நிற்கும். விவிலியத்தின் முதல் வரி 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் 'இன் த பிகினிங்' என்று இருக்கிறது. அங்கே ஸ்டார்ட்டைப் போட்டுப் படித்துப் பாருங்கள். கடவுள் சாவியைத் திருகுவது போல் இருக்கும். தமிழில் அதை 'ஆதியிலே' என்று வைத்தவர்களுக்குக் காது இருந்தது.

ஜூன் 3, காலை

நேற்று எழுதியதைப் படித்தால் பெரிய படிப்பாளி போலத் தோன்றுகிறது. உண்மையில் இதை அடிபட்டுத்தான் கற்றேன்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு கோவைப் பக்கம் ஒரு பம்புசெட் கம்பெனிக்காகக் கையேடு ஒன்றைத் தமிழாக்கினேன். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'தொடங்கு' போட்டேன். அச்சுக்குப் போகும் முன் பட்டறையில் ஒரு மூத்த மெக்கானிக்கிடம் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். அவர் அப்போது புனலை வைத்து மோனோபிளாக் பம்பின் வயிற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே காற்று தங்கினால் பம்பு தண்ணீர் இழுக்காது. உறிஞ்சுகுழாயும் பம்பும் நிரம்பிக் குமிழி வருவது நின்றபின்தான் மூடியைத் திருகிவிட்டு மோட்டாரைப் போட வேண்டும். நான், "பம்பைத் தொடங்குவதற்கு முன்…" என்று வாசித்தேன். அவர் குமிழியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்: "கம்பெனியைத்தான் முதலாளியின் அப்பாவே தொடங்கிவிட்டாரே. நாம் எதை ஐயா புதிதாகத் தொடங்குவது?"

பக்கத்திலிருந்த பையன்கள் சிரித்தார்கள். "மோட்டாரைப் போடும் முன் என்று எழுதுங்கள். தோட்டத்துக்காரருக்கு அதுதான் புரியும்" என்றார். நாற்பது இடத்துக்கு மேல் திருத்தினேன். அதற்குக் கூலி கிடையாது.

ஆக, இந்த வேறுபாடு வெள்ளைக்காரன் பழக்கம் மட்டுமல்ல. நாமும் இயந்திரத்தைத் தொடங்குவதில்லை. மோட்டாரைப் போடுகிறோம். பஸ்ஸை டிரைவர் எடுக்கிறார். அடுப்பைப் பற்றவைக்கிறோம். கடையைத் திறக்கிறோம். உங்கள் மகளுக்குத் தமிழில் இது தெரியும். அகராதிதான் எல்லாவற்றையும் 'தொடங்கு' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டது.

ஜூன் 3, மதியம்

'மழை பெய்யத் தொடங்கியது என்பதை பிகேன் என்றும் சொல்லலாம், ஸ்டார்ட்டெட் என்றும் சொல்லலாம். உங்கள் சோதனை மழையில் கரைந்துவிட்டதே' என்று கேட்டிருக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். பின்னால் இன்னொரு வினை வந்து ஒட்டிக்கொண்டால் (பெய்ய, அழ, சிரிக்க) இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. மீதமிருப்பது ஒரு சாயல்தான். குழந்தை திடீரென்று வீறிட்டால் ஸ்டார்ட்டெட் பொருந்தும். சன்னமாகப் புரியத் தொடங்குவதற்கு பிகேன் பொருந்தும்.

காரும் 'பிகேன் டு மூவ்' ஆகலாம். அது சரியான ஆங்கிலம். ஆகவே நேற்றைய விதியைச் சுருக்கிக்கொள்கிறேன்: பிகினுக்கு நேரே காரையோ மோட்டாரையோ கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. அவ்வளவுதான்.

ஜூன் 4

நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. எட்டு மணிக்குத் தபால் வாக்குகளோடு தொடங்கியது. இன்று யாரும் இலக்கணம் படிக்கப் போவதில்லை, நானும்தான்.

ஜூன் 6

ஸ்டார்ட்டுக்கு வருகிறேன். இரண்டு நாளாக இதுதான் மண்டையில் ஓடுகிறது.

பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச் சொல்லுக்கு 'துள்ளு, குதி' என்று பொருள். தொடங்குதல் என்ற பொருள் வெகு காலம் கழித்து வந்து ஏறிக்கொண்டது. 'ஸ்டார்ட்டில்' என்றால் திடுக்கிட வைப்பது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் முதல் காட்சியிலேயே சேவல் கூவியதும் ஆவி 'ஸ்டார்ட்' ஆகிறது. புதிதாக எதையும் தொடங்கவில்லை. குற்றவாளியைப் பெயர் சொல்லி அழைத்ததுபோல் துணுக்குறுகிறது. நேற்று வரை யாரென்று தெரியாதவன் இன்று எழும்பி ஆடினால் அவனை 'அப்ஸ்டார்ட்' என்பார்கள். அதிலும் அதே துள்ளல்.

இன்னொன்று வேட்டைக்காரர்கள் பேச்சு: முயலை ஸ்டார்ட் செய்வது. புதருக்குள் பதுங்கிய முயலை நாய் விட்டு வெளியே துள்ள வைப்பது. இதைப் படித்தபோது எங்கள் ஊர்க் கரட்டுக்காட்டில் சித்தப்பா சொன்னது நினைவுக்கு வந்தது: "அந்தப் பக்கம் போய் முயலைக் கிளப்பிவிடு."

கிளப்பு! இத்தனை நாளாக ஸ்டார்ட்டுக்குச் சரியான தமிழ்ச் சொல் வாயிலேயே இருந்திருக்கிறது. வண்டியைக் கிளப்பினான். வதந்தியைக் கிளப்பினார்கள். பிரச்சினையைக் கிளப்பினார். காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். இந்த நான்கிலும் ஆங்கிலக்காரர் ஸ்டார்ட்டைத்தான் போடுவார். வதந்தியை யாரும் பிகின் செய்ய மாட்டார்கள். 'கிளம்பு' என்றால் மேலெழுதல், புழுதி கிளம்புகிறது. கிடந்தது எழுகிறது. நான் முதல் நாள் 'முதுகில் கண்' என்று சுற்றி வளைத்துச் சொன்னதை இந்த ஒரு சொல் சொல்லிவிட்டது.

ஆங்கிலம் துள்ளலிலிருந்து வந்தது, தமிழ் எழும்புதலிலிருந்து வந்தது. இரண்டும் வேறு வேறு வழியாக நடந்து வந்து ஒரே புதரருகே முயலோடு நிற்கின்றன. மொழிபெயர்ப்பாளனுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறு கிடையாது.

ஜூன் 7

மகிழ்ச்சி ஒரு நாள்தான் தங்கியது. ஸ்டார்ட் வரும் இடமெல்லாம் கிளம்பு என்று போட்டால் உதைதான் கிடைக்கும். 'ஷி ஸ்டார்ட்டெட் கிரையிங்' என்பதற்கு 'அழக் கிளம்பினாள்' என்று எழுதினால் அவள் பையை எடுத்துக்கொண்டு அழுவதற்காகவே பஸ் ஏறியதாக ஆகிவிடும்.

ஆனால் அந்தக் 'கிளம்பு' ஆங்கிலத்தில் வேறொருவருக்குப் பொருந்துகிறது. 'செட் அவுட் டு' என்று ஒன்று இருக்கிறது. ஒரு காரியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இறங்குவது. 'ஊரைத் திருத்தக் கிளம்பிவிட்டார்' என்கிறோமே, அது. வேறுபாடு என்னவென்றால், ஆங்கிலத்தில் அதில் கிண்டல் இல்லை. தமிழில் 'திருத்தக் கிளம்பினார்' என்றாலே அவர் திரும்பி வந்துவிடுவார் என்று நமக்குத் தெரியும்.

இதன் தம்பி 'செட் ஆஃப்'. பயணம் கிளம்பவும் அதுதான், பட்டாசு வெடிக்க வைக்கவும் அதுதான். எச்சரிக்கை மணி தவறுதலாக அலறினாலும் அதுதான். குறிக்கோள் தேவையில்லை, பொறி போதும்.

ஜூன் 9

கமென்ஸ். இதை 'பிகினின் கோட்டுப் போட்ட அண்ணன்' என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். 1066க்குப் பிறகு நார்மானியர்களோடு பிரெஞ்சு வந்து நீதிமன்றத்திலும் அரண்மனையிலும் உட்கார்ந்துகொண்டது. சமையற்கட்டிலும் வயலிலும் பழைய ஆங்கிலம் இருந்தது. அந்தப் பிரெஞ்சுச் சொற்களில் ஒன்று இது. நம் வீட்டில் தொடங்குவதும் அழைப்பிதழில் ஆரம்பமாவதும் போல. இதுவரை பள்ளிப் பாடம் சரி.

ஆனால் கோட்டு மட்டும் காரணமல்ல என்று இப்போது நினைக்கிறேன். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 394ஆம் பிரிவைப் பாருங்கள். 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை சட்டத்தை ஏற்றுக்கொண்டது. குடியுரிமை பற்றிய 5 முதல் 9 வரையுள்ள பிரிவுகள், தேர்தல் ஆணையம் பற்றிய 324 உட்பட 16 பிரிவுகள் அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டன. மற்றவை 1950 ஜனவரி 26 அன்று. இந்த இரண்டாவது நாளைத்தான் அரசியலமைப்பின் 'கமென்ஸ்மென்ட்' என்று அந்தப் பிரிவே பெயர் சூட்டுகிறது.

யோசித்துப் பாருங்கள். இரண்டு மாதமாக ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. யதார்த்தத்தில் பிகின் ஆகிவிட்டது. ஆனால் கமென்ஸ் ஆகவில்லை, ஏனென்றால் ஆகவில்லை என்று சட்டம் சொல்கிறது. பிகின் நடப்பது. கமென்ஸ் அறிவிக்கப்படுவது. யாரோ ஒருவர் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும்.

இந்திய தண்டனைச் சட்டமும் அப்படித்தான். பெயரில் 1860 இருக்கிறது, நடைமுறைக்கு வந்தது 1862 ஜனவரி 1. அதன் இடத்துக்கு வரும் பாரதிய நியாய சன்ஹிதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் போன டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. கமென்ஸ் ஆகப் போவது வரும் ஜூலை 1. அதிலும் ஒரு துண்டு மட்டும் தொடங்காது: விபத்து நடந்த இடத்திலிருந்து தகவல் சொல்லாமல் ஓடிவிடும் ஓட்டுநர்களுக்கான 106(2). லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஒரு சட்டத்தில் ஓர் உட்பிரிவை மட்டும் பிடித்து உட்கார வைத்துவிட்டு மற்றவற்றைப் போகச் சொல்வதற்கு கமென்ஸ் என்ற சொல்தான் லாயக்கு.

ஜூன் 10

கமென்ஸ்மென்ட் என்றதும் ஒரு வீட்டுக் கதை.

எங்கள் தெருவில் ஒரு ஓய்வு பெற்ற தாசில்தார் இருந்தார். அவருடைய மகள் அமெரிக்காவில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பு. மே மாதம் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. பெரிய எழுத்தில் 'கமென்ஸ்மென்ட்' என்று. மனிதர் இடிந்துபோனார். "இரண்டு வருஷமாகப் பணம் கட்டியிருக்கிறேன், இப்போதுதான் தொடங்குகிறார்களாம்" என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். காப்பிகூடக் குடிக்கவில்லை. வங்கி ரசீதுகளையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அது பட்டமளிப்பு விழா என்று சொல்லிப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆனது. "முடிவுக்குப் போய்த் தொடக்கம் என்று பெயர் வைப்பானா ஒருத்தன்?" என்றார். வைத்திருக்கிறார்கள். இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்குவது என்றால் மாணவன் ஆசிரியர் சங்கத்துக்குள் நுழைந்து கற்பிக்கத் தொடங்குவது. நிகழ்ச்சி மாணவனுக்கு முடிவு, ஆசிரியனுக்குத் தொடக்கம். பெயர் இரண்டாமவன் பக்கம் நின்றுவிட்டது. டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் இன்றைக்கும் பட்டமளிப்புக்குப் பெயர் 'கமென்ஸ்மென்ட்ஸ்'. ஸ்டீவ் ஜாப்ஸ் 2005இல் ஸ்டான்ஃபோர்டில் பேசிய பேச்சும் கமென்ஸ்மென்ட் உரைதான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் படிப்பை முடித்தவர்கள்.

தாசில்தார் கடைசியில் சமாதானமானது இதனால் அல்ல. "நம்மூரில் அரங்கேற்றம் என்கிறோமே, பத்து வருஷம் ஆடிய பிறகு" என்று என் மனைவி உள்ளேயிருந்து சொன்னார். உடனே புரிந்துவிட்டது. காப்பியும் கேட்டார்.

ஜூன் 12

மழையை மறுபடியும் இழுக்கிறேன். ஜூன் 3 அன்று மழையை அவசரமாகக் கடந்துவிட்டேன்.

செய்தித்தாளில் தமிழில் 'தென்மேற்குப் பருவமழை தொடங்கியது'. ஆங்கிலத்தில் ஸ்டார்ட்டும் இல்லை, பிகினும் இல்லை, 'ஆன்செட்'. வானிலைத் துறைக்கு அது கணக்குப் போட்டுச் சொல்லும் சொல். கேரளம், லட்சத்தீவு, மங்களூர்ப் பகுதிகளில் குறித்த 14 நிலையங்கள். மே 10க்குப் பிறகு அவற்றில் 60 சதவீதத்தில் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பதிவாக வேண்டும். மேலைக்காற்றின் ஆழமும் வேகமும், மேகமூட்டத்தைக் காட்டும் வெப்பக் கதிர்வீச்சு அளவும் ஒத்துவர வேண்டும். அப்போதுதான் அறிவிப்பு. வழக்கமான தேதி ஜூன் 1. இந்த ஆண்டு மே 30 அன்றே அறிவித்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே கொச்சியில் குடை பிடித்து நடந்தவரிடம் 'இன்னும் தொடங்கவில்லை' என்று சொன்னால் அடிக்க வருவார். மழை பிகின் ஆகிவிட்டது, ஆன்செட் ஆகவில்லை. கமென்ஸ்மென்டுக்குச் சொன்ன அதே நாடகம், கையெழுத்துக்குப் பதில் மழைமானி.

இன்னொரு அழகு: 'த ரெய்ன் செட் இன்' என்றால் மழை வந்து உட்கார்ந்துகொண்டது, இப்போதைக்குப் போகாது. நாம் 'மழை பிடித்துக்கொண்டது' என்கிறோமே, அதுதான் இது. சளியும் அப்படித்தான், தமிழில்.

ஜூன் 15

லாஞ்ச்.

லான்ஸ் என்றால் ஈட்டி. பிரெஞ்சு வழியாக வந்த லாஞ்ச் ஈட்டியை எறிவது. பிறகு கப்பலைக் கரையிலிருந்து கடலுக்குள் தள்ளுவது, பிறகு ராக்கெட், பிறகு சோப்பு. கையை விட்டால் திரும்ப எடுக்க முடியாத எல்லாவற்றுக்கும் பொருந்தும். அதனால்தான் தாக்குதலை லாஞ்ச் செய்கிறார்கள்.

தமிழில் ஏவு. 'ஏ' என்றால் பழந்தமிழில் அம்பு. ஏவுதல் அம்பு விடுவது. ஆக ஸ்ரீஹரிகோட்டாவில் ஆங்கிலத்தில் ஈட்டி எறிகிறார்கள், தமிழில் அம்பு விடுகிறார்கள். ஏவுகணையில் கணையும் அம்புதான். இன்னொரு சொல் 'தொடு': கணை தொடுத்தான், போர் தொடுத்தான், வழக்குத் தொடுத்தான். வக்கீலிடம் போய்ப் பாருங்கள், அவர் அம்புறாத்தூளியோடுதான் உட்கார்ந்திருப்பார்.

ஸ்டார்ட்டும் லாஞ்சும் ஒன்றல்ல என்பதற்குச் சந்திரயான் 3 நல்ல சாட்சி. 2023 ஜூலை 14, மதியம் 2.35. எல்விஎம்3 ராக்கெட்டின் இரு பக்கத் திட எரிபொருள் பூஸ்டர்கள் பற்றியதும் அது மேலே கிளம்பிவிட்டது. நடுவிலுள்ள திரவ எஞ்சின்கள் அப்போது சும்மா இருந்தன. ஏறக்குறைய 108 நொடி கழித்து வானத்தில் பறந்துகொண்டிருக்கும்போதுதான் அவை ஸ்டார்ட் ஆயின. லாஞ்ச் முதலில், ஸ்டார்ட் பிறகு. காரில் இப்படிச் செய்து பார்க்க வேண்டாம்.

புத்தகத்தையும் லாஞ்ச் செய்கிறார்கள். நாம் வெளியிடுகிறோம். எங்கள் வெளியீட்டு விழாக்களில் எறிவது மாலை மட்டும்.

இராமேசுவரம் பக்கம் மீனவர்கள் படகை லாஞ்சு என்கிறார்கள். கடலில் தள்ளப்படுவதால் படகுக்கே அந்தப் பெயர் வந்திருக்கிறது.

ஜூன் 16

கடைசிப் பத்தி தப்பு. மதுரையிலிருந்து ஒருவர் காதைத் திருகிவிட்டார். படகு லாஞ்சு வேறு குடும்பம். போர்த்துகீசிய, ஸ்பானிய 'லாஞ்சா' வழியாக வந்தது. அதற்கும் பின்னால் விரைவைக் குறிக்கும் மலாய்ச் சொல் இருப்பதாகக் கருதுகிறார்கள். ஈட்டிக்கும் அதற்கும் உறவில்லை. இரண்டும் துறைமுகத்தில் சந்தித்து ஒரே சட்டையை மாட்டிக்கொண்டன. அழகாக இருக்கிறது என்பதற்காக எழுதிவிட்டேன். சொல்லாராய்ச்சியில் கவிழ்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் கவிழ்கிறார்கள். பத்தியை அழிக்கவில்லை, கிடக்கட்டும்.

ஜூன் 19

இனாகுரேட். இதற்குள்ளே ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. ரோமில் 'ஆகர்' என்று அதிகாரிகள் இருந்தார்கள். பறவைகள் பறக்கும் திசையையும் கத்துவதையும் பார்த்துத் தெய்வங்களுக்குச் சம்மதமா என்று சொல்வது அவர்கள் வேலை. அவர்கள் சரி என்றால்தான் பதவியேற்பு. 'ஆஸ்பிஷியஸ்' என்ற சொல்லைப் பிரித்தாலும் பறவையும் பார்த்தலும்தான் வரும்.

தமிழ் படித்தவர்கள் இந்நேரம் கை தூக்கியிருப்பீர்கள். புள் என்றால் பறவை. சங்கப் பாட்டில் புள் என்றால் சகுனமும்தான். ரோமானியன் சொல்லைக் கடன் வாங்கவில்லை, நாமும் அவனிடம் வாங்கவில்லை. இரு பக்கமும் மனிதன் வாசலில் நின்று மேலே அண்ணாந்து பார்த்திருக்கிறான். பிற்பாடு நாம் பறவையை விட்டுவிட்டுப் பல்லிக்கு இறங்கிவிட்டோம்.

இனாகுரேட் என்றால் தொடங்குவதல்ல. தொடக்கத்துக்குச் சடங்கு செய்வது. அமெரிக்க அதிபரின் பதவிக்காலம் ஜனவரி 20 நண்பகலில் தானாகத் தொடங்கிவிடும். 1933இல் வந்த 20ஆவது திருத்தம் அப்படிச் சொல்கிறது. அதற்கு முன் மார்ச் 4. 1985இலும் 2013இலும் ஜனவரி 20 ஞாயிற்றுக்கிழமையாக விழுந்தது. ரீகனும் ஒபாமாவும் அன்று சத்தமில்லாமல் உறுதிமொழி எடுத்துக்கொண்டு, மறுநாள் திங்கட்கிழமை கூட்டத்தின் முன்னால் மறுபடி எடுத்தார்கள். பதவிக்காலம் ஞாயிறு, விழா திங்கள்.

எங்கள் ஊர் மேம்பாலத்தில் ஆறு மாதமாக வண்டிகள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் தடுப்பு வைத்து மூடினார்கள். என்னவென்று விசாரித்தால், திறந்துவைக்கப் போகிறார்களாம்.

ஜூன் 22

மிச்சம் மீதியைக் கொட்டிவிடுகிறேன்.

இன்ஸ்டிகேட்: குத்திக் கிளப்புவது. லத்தீன் மூலத்தில் கூர்முனையால் குத்துவது; நம் தார்க்கோல் போல. நல்ல காரியத்துக்குப் பெரும்பாலும் வராது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில் குற்றத்துக்கு உடந்தையாவதன் முதல் வகை இதுதான். தமிழில் 'தூண்டு' பாவம், நல்ல பிள்ளை. விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தது. 'தூண்டிவிட்டான்' என்று விடு சேர்ந்ததும் போலீஸ் வந்துவிடுகிறது.

ட்ரிக்கர்: டச்சுக்காரர்களின் 'இழு' என்ற வினையிலிருந்து வந்த துப்பாக்கி விசை. தொடக்கி வைப்பவரின் நோக்கத்தைவிட விளைவு பெரிதாக இருக்கும். இங்கே யாழ்ப்பாண நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டு எழுதியது: அவர்கள் ஊரில் துவக்கு என்றாலே துப்பாக்கி. தமிழ்நாட்டுச் சுவரொட்டியில் 'அமைச்சர் துவக்கி வைக்கிறார்' என்று முதல்முறை பார்த்தபோது ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டாராம்.

இனிஷியேட்: அலுவலகக் கோப்புச் சொல். 'நடவடிக்கை இனிஷியேட் செய்யப்பட்டுள்ளது' என்று கடிதம் வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். இதன் இன்னொரு வாழ்க்கை தீட்சை கொடுப்பது. அங்கே மட்டும் உண்மையாகவே ஏதோ நடக்கிறது. கமென்ஸும் இதுவும் ஒரே லத்தீன் வேர்.

கிக் ஆஃப்: கால்பந்திலிருந்து கூட்ட அரங்குக்கு வந்தது. கிரிக்கெட் இவ்வளவு துள்ளாது. நடுவர் 'ப்ளே' என்பார், அவ்வளவுதான்.

ஜூலை 1

நள்ளிரவோடு புதிய தண்டனைச் சட்டம் கமென்ஸ் ஆகிவிட்டது, 106(2) நீங்கலாக.

கேள்வி கேட்டவரும் எழுதியிருக்கிறார். மகள் மறுதேர்வில் 'ஸ்டார்ட்டெட் த கார்' என்று எழுதி அரை மதிப்பெண்ணை மீட்டுவிட்டாளாம். ஆனால் இன்று காலை அவர் கார் எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு இளைஞர்கள் நால்வர் தள்ளி, தெருமுனைவரை போய்த்தான் எடுத்திருக்கிறது. 'தள்ளி எடுத்தோம்' என்பதற்கு ஆங்கிலம் என்ன என்று பின் இருக்கையிலிருந்தே கேட்டாளாம்.

தள்ளி எடுத்தால் புஷ் ஸ்டார்ட். பிரிட்டனில் பம்ப் ஸ்டார்ட் என்றும் சொல்வார்கள் (தண்ணீர் இறைக்கும் பம்பு அல்ல, முட்டுதல்). அடுத்த வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் மாட்டி எடுத்தால் ஜம்ப் ஸ்டார்ட். ஜம்ப் என்றால் துள்ளல். ஸ்டார்ட் என்றாலும் ஆதியில் துள்ளல்தான். ஆக அது 'துள்ளு துள்ளு', நம் 'கேட்டுக் கதவு' மாதிரி. இதை அவளிடம் சொல்லுங்கள். பேட்டரியையும் மாற்றுங்கள்.